வத்தலக்குண்டில் ஒரு பெயர்ப் பலகை

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வத்தலக்குண்டைப் பார்ப்பதில்லை. வத்தலக்குண்டு வழியாகப் போகிறார்கள். விடியற்காலையில் கொடை ரோடு ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, நிலக்கோட்டையில் மல்லிகை வாசனை வந்ததும் ஒரு முறை கண்ணைத் திறந்து மூடுகிறார்கள். மறுபடியும் கண் திறக்கும்போது மலைப்பாதையின் முதல் வளைவு வந்துவிடுகிறது. நடுவில் ஓர் ஊர் இருந்தது என்பது அநேகருக்கு ஞாபகமிருப்பதில்லை. இருந்தாலும், "அங்கேதான் பஸ் பத்து நிமிஷம் நின்றது, காப்பி சுமார்" என்ற அளவில்தான் இருக்கும்.

நாமும் இதற்கு முன் நாலைந்து தடவை அப்படித்தான் போயிருக்கிறோம். இந்தத் தடவை மலைக்குப் போகும் உத்தேசமே இல்லாமல், வத்தலக்குண்டுக்கென்றே டிக்கெட் கேட்டோம். கண்டக்டர் நம் கையிலிருந்த பெட்டியையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கொடைக்கானல் இல்லையா, சார்?" என்று இரண்டாம் முறையும் கேட்டார். இல்லை என்றோம். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாரே தவிர, அவருக்கு நம்பிக்கை பிறந்ததாகத் தெரியவில்லை.

காரியம் இதுதான். அவ்வூரில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவருக்குத் தம் கடையின் பெயரைப் பற்றியே ஒரு சங்கடம் வந்திருப்பதாக நண்பர் ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். கடன் தொல்லையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். பங்காளித் தகராறு தெரியும். பெயரைப் பற்றி என்ன சங்கடம் வரக்கூடும் என்று நேரில் பார்க்கவே புறப்பட்டோம்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மலை. மேற்கே பழனி மலைத்தொடர் நீலச் சுவர் எழுப்பினாற் போல் நிற்கிறது. அதன் தலையில் வெள்ளை மேகம். அடிவாரத்தில் தென்னையும் வாழையும். 1916-ஆம் ஆண்டில் மலைப்பாதை மோட்டார் வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு கொடைக்கானலுக்குப் போக வேண்டுமானால், பெரியகுளம் பக்கத்துத் தோப்பிலிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏறவேண்டும். பாதை வந்தபின் வத்தலக்குண்டு மலைக்கு வாசற்படியாயிற்று. வாசற்படிக்கு உள்ள கதிதான் இவ்வூருக்கும். எல்லாரும் மிதித்துக்கொண்டு போகிறார்கள், யாரும் உட்காருவதில்லை.

சற்று உட்கார்ந்து பார்த்தால் விஷயம் இருக்கிறது. காலை வேளையில் கடைவீதியில் வெற்றிலைக் கவுளிகள் வந்து இறங்குகின்றன. ஈரத் துணி மூடிய கூடைகளிலிருந்து காரமான பச்சை மணம் வீசுகிறது. ஊரைச் சுற்றிலும் அகத்தி மரங்களில் படர்ந்த கொடிக்கால்கள். வெற்றிலைக்குண்டு என்ற பெயரே நாளடைவில் வத்தலக்குண்டு என்று மருவிற்று என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர்களின் நாக்கு அதையும் புரட்டிப் 'பட்லகுண்டு' ஆக்கிவிட்டது.

அந்தப் புரட்டலுக்கு ஒரு விசேஷம் உண்டு. தமிழ் படித்தவர்கள் பி. ஆர். ராஜமையரை அறிவார்கள். 1872-இல் இவ்வூரில் பிறந்து, 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதி, 'பிரபுத்த பாரத'த்தின் ஆசிரியராக இருந்து, இருபத்தாறாவது வயதில் மறைந்தவர். 'மணிக்கொடி'யைச் சிறுகதைகளின் பத்திரிகையாக நடத்திய பி. எஸ். ராமையாவையும் அறிவார்கள். இந்த இருவர் பெயருக்கும் முன்னால் நிற்கும் 'பி' என்ன? பட்லகுண்டுதான்! எங்கே போனாலும் தம் ஊரைத் தலையிலே தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் ஒரே பெயரை எடுத்துக்கொண்டதால் ஊருக்கு ஒன்றும் குறைந்து போகவில்லை. இன்னும் பத்துப் பேர் எடுத்துக்கொண்டாலும் குறையாது. ஊர்ப் பெயர் என்பது பொதுக் கிணறு மாதிரி.

கடைப் பெயர் அப்படியல்ல என்று அன்று காலையில் தெரிந்துகொண்டோம்.

பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது பெரியவரின் கடை. பத்தடி அகலம், முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் அடுப்பு. மேலே, கையால் எழுதிய பலகை. வர்ணம் மங்கி, ஒரு மூலையில் தகரம் துருப்பிடித்திருக்கிறது. அதிலுள்ள பெயரை நாம் இங்கே எழுதப் போவதில்லை. வழக்கு வரலாம் என்னும் நிலையில் இருக்கும் பெயர் அது. ஓர் அம்மன் பெயரும், அதன்பின் மங்களமான ஒரு சொல்லும் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெரியவரின் தகப்பனார் 1971-இல் கடை திறந்தபோது வைத்த பெயர்.

"வாங்க, ஐயா! காரச்சேவு இப்பத்தான் எடுத்தது. முதலில் சாப்பிடுங்க. கடுதாசி எங்கேயும் போயிடாது" என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவருடைய பிள்ளை கடிதத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். ஏழு பக்கம், முழுவதும் ஆங்கிலம். தூரத்து நகரம் ஒன்றிலிருக்கும் ஒரு பெரிய பலகாரக் கம்பெனியின் வக்கீல் எழுதியது. அந்தப் பெயரைத் தங்கள் கக்ஷிக்காரர் சட்டப்படி டிரேட் மார்க்காகப் பதிவு செய்திருக்கிறார், ஆகவே பதினைந்து நாளைக்குள் பலகையை இறக்க வேண்டும், பெயர் அச்சிட்ட பைகளை ஒப்படைக்க வேண்டும், இனி அப்பெயரை உபயோகிப்பதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இதுவரை அடைந்த லாபத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், தவறினால் வழக்கு. பதினைந்தில் ஒன்பது நாள் கழிந்திருந்தது.

"அந்தக் கம்பெனி எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டோம்.

"1990-க்கு அப்புறம்தான், சார். அவங்க புஸ்தகத்திலேயே போட்டிருக்கு" என்றார் பிள்ளை. "பெயரை மாத்திடலாம்னு நான் சொல்றேன். அப்பா கேட்க மாட்டேங்கிறாங்க."

பெரியவர் சிரித்தார். "பலகைக்கு ஐயாயிரம் ரூபாய் ஆகும், ஐயா. அது பெரிசில்லை. நாளைக்கு வேற பேர் போட்டா, பாக்கி வைத்திருக்கிறவங்களெல்லாம், 'அந்தக் கடைதான் மூடிட்டாங்களே!' என்று போயிடுவாங்களே, அதற்கு என்ன செய்யறது?"

வேடிக்கையாகச் சொன்னாலும் இதில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கடையின் பெயர் பலகையில் இல்லை. ஜனங்களின் வாயில் இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு முறுக்கு வேண்டுமென்றால், கூடப் பிறந்தவளிடம் எந்தக் கடையைச் சொல்லி அனுப்புகிறார்களோ, அதுதான் பெயர். ஐம்பது வருஷமாக எண்ணெயை மாற்றி, எடையைக் குறைக்காமல் விற்றதற்குக் கிடைத்த கூலி அது. அதை ஒருவன் எடுத்துக்கொண்டால், கல்லாப் பெட்டியை எடுத்துக்கொண்டது போலத்தான்.

ஆனால் கம்பெனியும் இதே வார்த்தையைச் சொல்லக் கூடுமே? பெரிய கம்பெனி என்றாலே ராவணன், சின்னக் கடை என்றாலே ராமன் என்று எழுதிவிடுவது சுலபம், நியாயமாகாது. பெயர் போன சோப்பின் உறையைப் போலவே அச்சடித்து, ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தையின் கையில் கொடுத்தனுப்பும் சின்ன வியாபாரிகளும் நாட்டில் இல்லாமலில்லை. அங்கே ஏமாறுவது கம்பெனி மாத்திரம் அல்ல. வீட்டில் காத்திருக்கும் தாயாரும்தான். வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்பதுதான் டிரேட் மார்க் சட்டத்தின் அடிப்படை. நம் நாட்டில் பெயர்களைப் பதிவு செய்வதற்கென்று முதல் சட்டம் 1940-இல் வந்தது. 1958-இல் வேறொன்று வந்தது. இப்போது நடப்பிலிருப்பது 1999-இல் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15-ஆம் தேதி அமலுக்கு வந்த சட்டம்.

இந்தச் சட்டம் சின்னவனுக்குத் துணையாக நின்றதற்குச் சாக்ஷி தேடி வெகு தூரம் போக வேண்டாம். வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் ஏறினால் போதும். அங்கே 1957-இல் நாகசாமி நாயுடு என்பவர் ஒரு பிரியாணிக் கடை திறந்தார். பலகையில் எழுதியது, 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்.' நாயுடு தலையில் எப்போதும் தலைப்பாகை இருக்கும். சீரகச் சம்பா அரிசிப் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் பலகையைப் படிக்கவில்லை. தலைப்பாகையைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். 'தலப்பாகட்டி கடை' என்றார்கள். கடைசியில் ஜனங்கள் வைத்த பெயரே ஜெயித்துப் பலகையிலும் ஏறிவிட்டது.

பிற்பாடு சென்னையில் 'தலப்பாகட்டு' என்று, கடைசி எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு வேறொரு பிரியாணிக் கடை கிளம்பிற்று. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தலைப்பாகை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாமே, அதில் தனியுரிமை என்ன என்று நமக்குக் கேட்கத் தோன்றும். தலைப்பாகை பொதுதான், ஆனால் பிரியாணியோடு சேர்த்து அந்தச் சொல்லைக் கேட்டவுடன் திண்டுக்கல் கடை மனத்தில் வருகிறதல்லவா? அந்த ஞாபகம் பொதுச் சொத்தல்ல. 2011-இல் உயர் நீதிமன்றம் திண்டுக்கல் கடையின் பக்கம் நின்று, சென்னைக் கடை அப்பெயரை உபயோகிக்கத் தடை விதித்தது. இன்று திண்டுக்கல் கடையே சென்னையிலும் அயல் நாடுகளிலும் கிளைகள் கொண்ட பெரிய ஸ்தாபனமாகிவிட்டது. நேற்றுச் சின்னவன், இன்று பெரியவன்! ஆகையால் இந்த விவகாரத்தில் ஆளின் பருமனைப் பார்த்து நியாயம் சொல்ல முடியாது. யார் முதலில் வந்தார், யார் உழைத்துப் பெயரெடுத்தார் என்றுதான் பார்க்க வேண்டும்.

அதைத்தான் சட்டமும் பார்க்கச் சொல்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, ஒருவர் பதிவு செய்துகொண்ட பெயரை, அவர் அதை உபயோகிக்கத் தொடங்குவதற்கும் பதிவு செய்வதற்கும் முன்பிருந்தே வேறொருவர் இடைவிடாமல் உபயோகித்து வந்தால், அந்த முந்தியவரைத் தடுக்கப் பதிவு செய்தவருக்கு உரிமை இல்லை என்கிறது. தம் சொந்தப் பெயரிலேயே நாணயமாக வியாபாரம் செய்கிறவருக்கு 35-ஆவது பிரிவு பாதுகாப்பு. உரிமை இல்லாத இடத்தில் 'வழக்குப் போடுவேன்' என்று மிரட்டுகிறவர் மீது, மிரட்டப்பட்டவரே கோர்ட்டுக்குப் போகலாம் என்று 142-ஆவது பிரிவு கூறுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. திருநெல்வேலி 'இருட்டுக்கடை அல்வா'வைச் சுவைக்காத தமிழ் நாக்கு உண்டா? மங்கலான விளக்கில் மாலை வேளையில் விற்கிற அந்தக் கடைக்கும் ஜனங்கள்தான் பெயர் வைத்தார்கள். அப்பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்து இன்னொருவர் பதிவு செய்துகொண்டு வியாபாரம் செய்த வழக்கு, நமது உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று. பதிவு என்பது உரிமைக்கு ஓர் அத்தாட்சி மட்டுமே. முந்தி உபயோகித்தவரின் உரிமை அதைக் காட்டிலும் மேலானது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அல்வாவினால் தேசத்துக்கே ஒரு நீதி கிடைத்தது!

உலகப் பெரும் கம்பெனிகளும் இந்தத் தராசில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஜப்பான் தேசத்து டொயோட்டா மோட்டார் கம்பெனி 1997-இல் 'பிரியஸ்' என்ற காரை அங்கே வெளியிட்டது. டில்லியில் மோட்டார் வண்டிகளுக்கு அலங்கார உறுப்புகள் செய்யும் ஒரு சிறு ஸ்தாபனம் 2001 முதல் அதே பெயரில் தன் சரக்கை விற்று வந்தது. டொயோட்டா அந்தக் காரை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததோ 2009-10-இல்தான். வழக்குத் தொடுத்தது 2009-இல். வெளிநாட்டில் எவ்வளவு கீர்த்தி இருந்தாலும், அந்தக் கீர்த்தி 2001-இலேயே இந்த நாட்டு ஜனங்களிடம் வந்து சேர்ந்திருந்ததா என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லி, டில்லி ஸ்தாபனத்தின் பக்கம் தீர்ப்புச் செய்தது.

இதையெல்லாம் நாம் சொல்லிக்கொண்டு வந்தபோது பெரியவரின் முகம் மலர்ந்தது. பிள்ளையின் முகம் மலரவில்லை. அவர் கேட்டார்: "2009-இல் வழக்கு, 2017-இல் தீர்ப்பு. எட்டு வருஷம். எட்டு வருஷத்துக்கு வக்கீல் பீஸ் யார் கொடுப்பது, சார்?"

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிள்ளை கேட்டதுதான் இந்த விஷயத்தின் முள். பூனாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 1992 முதல் 'பர்கர் கிங்' என்ற பெயரில் ஒரு சிற்றுண்டிக் கடை நடந்து வந்தது. அமெரிக்காவில் 1954-இல் தோன்றிய அதே பெயருள்ள பெரிய கம்பெனி, இந்தியாவில் தன் முதல் கடையைத் திறந்தது 2014-இல். ஆனால் பூனாக் கடையின் மேல் வழக்குப் போட்டது 2011-இலேயே. பதின்மூன்று வருஷம் நடந்த பிறகு, 2024 ஆகஸ்டில் பூனா ஜில்லா கோர்ட்டு உள்ளூர்க் கடைக்கு ஜெயம் சொல்லிற்று. கம்பெனி மேல் முறையீடு செய்தது. அதே வருஷம் டிசம்பரில், முறையீட்டின் முடிவு தெரியும் வரையில் உள்ளூர்க் கடை அப்பெயரை உபயோகிக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஜெயித்தவர் ஜெயித்த பெயரை வைத்துக்கொள்ள முடியாமல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கம்பெனிக்குப் பதின்மூன்று வருஷம் என்பது கணக்குப் புஸ்தகத்தில் ஒரு வரி. பத்தடிக் கடைக்கு அது ஒரு தலைமுறை. இந்த வழக்குகள் முன்சீப் கோர்ட்டில் நடக்கிறவை அல்ல. ஜில்லா கோர்ட்டுக்குக் கீழே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதுவுமன்றி, வழக்குத் தொடுக்கிறவர் தாம் வியாபாரம் செய்யும் ஊரிலேயே தொடுக்கலாம் என்று 134-ஆவது பிரிவு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. கம்பெனிக்கு இங்கேயே கிளை இருந்து, விவகாரமும் இங்கேயே எழுந்தால், இங்கேதான் வர வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகைக்கு வரம்பு கட்டியிருக்கிறது. அப்படியும் கிளை இல்லாத கம்பெனி தன் ஊரில் வழக்குப் போட்டால், வத்தலக்குண்டுக்காரர் ரயில் ஏற வேண்டியதுதான். அநேகர் ரயில் ஏறுவதில்லை. ஏணி வைத்து ஏறிப் பலகையை இறக்கிவிடுகிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம் இருந்ததா என்று எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை, கடிதமே தீர்ப்பாகிவிடுகிறது.

பெரியவர் வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எங்க ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தாரே, ஐயா, கம்பெனிக்காரங்களை எதிர்த்தவர்" என்றார்.

சுப்பிரமணிய சிவாவைத்தான் சொன்னார். 1884 அக்டோபர் 4-ஆம் தேதி இவ்வூரில் பிறந்தவர் சிவா. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தியபோது எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அதன் கையிலிருந்த ஆயுதம் நியாயமல்ல, பணம். கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தது. தாங்க முடியாதவன் தானே விழுவான் என்று. பிள்ளையவர்களுடன் தோளோடு தோள் நின்று பேசிய சிவா, 1908-இல் அவருடனேயே சிறை புகுந்தார். 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைந்தது. அது கப்பல்; இது காரச்சேவு. அன்று எதிரே நின்றது அந்நிய ஆட்சியின் துணை பெற்ற கம்பெனி. இன்று வருவது பெரும்பாலும் நம்மவர் கம்பெனியே. இருந்தாலும், காத்திருக்கும் சக்தி உள்ளவன் காத்திருக்க முடியாதவனை வெல்வது என்ற தந்திரம் மட்டும் மாறவில்லை. அந்நியன் செய்தால் அநியாயம், நம்மவன் செய்தால் வியாபாரம் என்று சொல்ல நாம் தயாராக இல்லை.

அப்படியானால் சின்னக் கடைக்காரர் செய்யக் கூடியது ஒன்றும் இல்லையா? உண்டு. பெயரைப் பதிவு செய்வதற்கான அரசாங்கக் கட்டணம், தனி மனிதருக்கும் சிறு தொழிலுக்கும், இணையம் வழியே செய்தால் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும். அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். தென்னாட்டுக்கான பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. யாராவது ஒரு பெயருக்கு மனுச் செய்து, அது முதல் பரிசீலனையில் தேறினால், டிரேட் மார்க் ஜர்னல் என்ற அரசாங்கப் பத்திரிகையில் வெளியிடுகிறார்கள். அந்தப் பத்திரிகையும் நம் பத்திரிகையைப் போல் வாராவாரம் வருகிறது. கதைகள் மட்டும் கிடையாது. வெளியான நாலு மாதத்துக்குள், "இது என்னுடைய பெயர்" என்று யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஆனால் வத்தலக்குண்டில் முறுக்குப் பிழிகிறவர் அதைப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது எப்படி? வியாபாரிகள் சங்கங்கள் இருக்கின்றனவே. வாரம் ஒரு நாள் ஒரு பிள்ளையை உட்கார்த்தி வைத்து அந்த ஜர்னலைப் பார்க்கச் சொன்னால் எத்தனையோ கடைகள் பிழைக்கும்.

இன்னொரு வழியும் இந்த மலையடிவாரத்தில்தான் நன்றாகத் தெரிகிறது. தனி மனிதன் பெயரைப் போலவே, ஊர் முழுவதும் சேர்ந்து சம்பாதித்த பெயர்களும் உண்டல்லவா? அவற்றுக்கென்று புவிசார் குறியீட்டுச் சட்டம் இருக்கிறது. அதுவும் 2003 செப்டம்பர் 15-இல் அமலுக்கு வந்ததுதான். அதன் பதிவகமும் சென்னையில்தான். விருப்பாட்சி மலை வாழைப்பழமும் சிறுமலை வாழைப்பழமும் 2008-இல் அந்தப் பதிவு பெற்றன. பழனிப் பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப் பூண்டு, திண்டுக்கல் பூட்டு மூன்றும் 2019-இல் பெற்றன. சோழவந்தான் வெற்றிலை 2023-இல் பெற்றது. இந்தப் பெயர்களை எந்தக் கம்பெனியும் விலைக்கு வாங்க முடியாது. விற்கவோ எழுதி வைக்கவோ சட்டத்தில் இடமில்லை. அந்தந்த மண்ணில் விளைவிக்கிறவர், செய்கிறவர் எல்லாருக்கும் அது பொது. ராஜமையரும் ராமையாவும் ஒரே 'பி'யை வைத்துக்கொண்டார்களே, அது மாதிரி.

ஆனால் நம் பெரியவரின் கடைப் பெயர் ஊர்ப் பெயரல்ல. அதற்கு அவர் ஒருவர்தான் காவல்.

"உங்கள் தகப்பனார் காலத்துக் காகிதம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டோம். "முந்தி உபயோகித்தவர் என்று வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். இடைவிடாமல் உபயோகித்ததையும் காட்ட வேண்டும்."

பெரியவர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையும் பழைய எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. மேலே அவருடைய தாயாரின் கண்ணாடி. அதன் கீழே காகிதங்கள். கடை லைசென்ஸுகள் வருஷவாரியாகக் கட்டப்பட்டிருந்தன. விற்பனை வரி ரசீதுகள். கடைப் பெயர் போட்ட தினசரிக் காலண்டரின் அட்டை ஒன்று, 1978-ஆம் வருஷத்தது. எல்லாவற்றிலும் மேலானது ஒரு நீளக் கணக்குப் புஸ்தகம். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை முறுக்கு, எத்தனை லட்டு, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தகப்பனார் தம் கையாலேயே எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. அதன் கீழே கடையின் பெயர்.

பிள்ளை அந்தப் புஸ்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, "அப்பா, இது உங்க கல்யாணக் கணக்கு!" என்றார்.

"ஆமாம், அதிலேயும் பாக்கி எழுதியிருப்பார், பார்" என்றார் பெரியவர்.

பிள்ளை புஸ்தகத்தை மூடவில்லை. சற்று நேரம் கழித்து, திண்டுக்கல்லில் தம்முடன் படித்த ஒருவர் வக்கீலாக இருப்பதாகவும், அன்று சாயங்காலமே போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னார். காலையில் பலகையை மாற்றிவிடலாம் என்றவர் அவரேதான். பதில் நோட்டீஸ் அனுப்ப இன்னும் ஆறு நாள் இருக்கிறது. கம்பெனி அத்தோடு விட்டுவிடுமா, கோர்ட்டுக்குப் போகுமா, போனால் எத்தனை வருஷம் ஆகும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனால் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை என்ற வரையில் அந்த வீட்டில் தீர்மானமாயிற்று.

மாலையில் நாமும் அவர்களும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அந்த நீளக் கணக்குப் புஸ்தகம். கடையை வீட்டு அம்மாள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

பஸ் புறப்படும் சமயத்தில், வெற்றிலைக் கூடையை இறக்கிவிட்டுத் தலைமுண்டை உதறிக்கொண்டிருந்த ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து, அம்மன் பெயரும் மங்களச் சொல்லுமாகக் கடையின் பெயரை முழுவதும் சொல்லி, "அண்ணே!" என்று கூப்பிட்டார். மனிதரின் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியுமோ என்னவோ. "இன்னிக்குக் கடை உண்டா, லீவா?"

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "உண்டு, உண்டு! போங்க, சேவு இருக்கு" என்றார்.